கேட்காத வீடு

என் ஓரகத்தி இப்போது எங்கள் வார்டின் கவுன்சிலர். காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தால் வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். கீழே குடியிருப்பவள் நான் என்பதால் அவர்கள் முகத்தில் முதலில் விழிப்பவளும் நான்தான். "மேடம் உண்டோ?" என்று கேட்கிறார்கள். மாடிப்படியைக் கையால் காட்டிவிட்டு உள்ளே வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைக்கிறேன். அந்தச் சத்தம் மேலே கேட்கும் என்று எனக்குத் தெரியும். கேட்கட்டும் என்றுதான் வைக்கிறேன்.

பொறாமையா என்று என் கணவர் ஒரு நாள் கேட்டார். ஆமாம் என்றேன். நான் மறுப்பேன், அதை வைத்துக் கிண்டல் செய்யலாம் என்று காத்திருந்த மனிதர், பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். வயிறு எரிகிறவளிடம் எரிகிறதா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் மெதுவாகக் கேளுங்கள். இப்போது எல்லாருக்கும் அவளிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

அண்ணன் தம்பி இருவருக்கும் சாலைக் கடைவீதியில் ஒரே இரும்புக் கடை. வீடும் ஒன்றுதான். கீழ்த்தளம் எங்களுக்கு, மாடி கொழுந்தனாருக்கு. நான் பிறந்து வளர்ந்தது இதே திருவனந்தபுரம். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளை என்று கேலியாக என்னைப் 'பாண்டி' என்று கூப்பிட்ட பிள்ளைகளின் வாயை அடைக்கவே மலையாளத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றவள் நான். போனில் என் பேச்சைக் கேட்டால் தமிழச்சி என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து வந்தவள். இத்தனை வருஷம் ஆகியும் அவள் பேசுவது தமிழும் மலையாளமும் சேர்ந்த ஒரு கூட்டுக்கறி. காய்கறிக்காரரிடம் அவள் பேரம் பேசும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். நாலடி தள்ளி நின்றுகொள்வேன்.

கட்சிக்காரர்கள் முதலில் என்னைத் தேடி வந்தது என் இரண்டு மொழிக்காகத்தான். எங்கள் வார்டில் தமிழ் வீடுகள் நிறைய. கடைக்காரர்கள், லாட்ஜில் வேலை செய்பவர்கள், தையல்காரர்கள், கோட்டைப் பக்கத்து அக்ரஹாரக் குடும்பங்கள். வேட்பாளர் கும்பிட்டபடி பின்னால் வர, முன்னால் போய்ப் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படிப் போனவள்தான். பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் நானே போனேன். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மருமகளிடம்தான் பேச வேண்டும், யார் மத்தியானம் தூங்குவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஓட்டுக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. நம் வீடு, உறுதியான வீடு என்று எதையும் தாண்டிப் போகக் கூடாது. நான் போக ஆரம்பித்த புதிதில் அப்படி ஒரு வீட்டை விட்டுவிட்டோம். தாத்தா காலத்திலிருந்து நம் கட்சிதானே, அங்கே என்ன கேட்பது என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். தேர்தல் முடிந்த பிறகு அந்த வீட்டு அம்மா என்னைப் பழவங்காடி கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். எங்களிடம் யாருமே வந்து கேட்கவில்லையே என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டில் இருந்த எல்லா ஓட்டையும் எதிர்க்கட்சிக்குப் போட்டதாகச் சொல்லிவிட்டு, சிதறுகாய்க்கு வாங்கிய தேங்காயைத் தூக்கிக்கொண்டு போனார். கட்சிக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். கேட்காமல் ஓட்டு வரும் என்று நினைக்காதே என்று அழுத்திச் சொல்வேன்.

வாசலில் நின்று கேட்டால் சிலர் தருகிறோம் என்பார்கள். அது உறுதி. சிலர் 'நோக்காம்' என்பார்கள், பார்க்கலாம் என்று. அது சந்தேக வீடு. சந்தேக வீட்டை ஆற விடாமல் மறுநாளே இன்னொரு தடவை போக வேண்டும். இவை தவிர இன்னொரு வகை உண்டு. பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கும், ஆள் ஊரில் இருக்கமாட்டார். பெங்களூரு, சென்னை, துபாய் என்று வேலைக்குப் போன பிள்ளைகள். எங்கள் வார்டில் வீட்டுக்கு ஒருத்தராவது அப்படி உண்டு. அவர்கள் பெயருக்கு நேரே பென்சிலால் 'வெளியே' என்று எழுதிவிட்டு மறந்துவிடுவோம். என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறான். அவன் பெயருக்கு நேரேயும் நானேதான் எழுதுவேன்.

இனி அவள் கதைக்கு வருகிறேன்.

அவள் போனில் வீடியோ பேசிப் போட ஆரம்பித்தபோது நான் சிரித்தேன். மாடி வராந்தாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மரச்சீனிக் கிழங்கை, மரவள்ளி என்பார்களே அதை, தோல் உரித்துக்கொண்டே தெருவில் நடப்பதைச் சொல்வாள். "மக்களே, இன்னைக்கு நம்ம வழியில என்ன விசேஷம்னா, கேட்டோ" என்று தொடங்குவாள். குழாயில் தண்ணீர் வந்த நேரம், குப்பை எடுக்க வந்த பெண்ணின் மகள் பரீட்சையில் பாஸானது, எரியாத தெருவிளக்கு, எல்லாம் அந்தக் கூட்டுக்கறிப் பேச்சில்தான். நாகர்கோவில் பக்கம் பெற்ற பிள்ளையையே 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால்தானோ என்னவோ, பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் தன்னைக் கூப்பிடுகிற மாதிரி இருந்திருக்கிறது. அந்தப் பேச்சில் தமிழ் வாடை அடிக்கிறது என்று எவரும் மூக்கைப் பிடிக்கவில்லை. அந்த வாடைக்காகவே அவளைக் கொண்டாடினார்கள். நான் சின்ன வயதிலிருந்து கழுவிக் கழுவிப் போக்கிய வாடை அது.

தெருமுனையில் சாக்கடை ஓடை மேல் போட்டிருந்த சிலாப் உடைந்து கிடந்தது. அதற்காக நான் கார்ப்பரேஷனுக்கு நடந்த நடை கொஞ்சமல்ல. எஞ்சினியரைப் பார்த்து மனு கொடுத்து, உடனே செய்கிறோம் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்திருந்தேன். உடனே என்பது எப்போது என்று கேட்க மறுபடி போயிருந்தேன். இவள் என்ன செய்தாள்? போனைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் போய்க் குந்தினாள். கையிலிருந்த ஒரு முழு மரச்சீனிக் கிழங்கை அந்த ஓட்டைக்குள் இறக்கிக் காட்டினாள். கிழங்கு தலைகூடத் தெரியாமல் உள்ளே போனது. "இதுக்குள்ள நம்ம பிள்ளைக காலு போனா என்ன ஆகும்?" என்றாள். அந்த வாரமே புது சிலாப் வந்துவிட்டது. போட வந்தவர்கள் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் மனுவைப் பற்றி அந்த எஞ்சினியர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முதல் அந்தச் சிலாப்பை நான் மிதிப்பதில்லை. சுற்றித்தான் போகிறேன்.

அந்த வருஷம் வார்டு ஒதுக்கீட்டுக்குக் குலுக்கல் நடந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கு என்று விழுந்தது. செய்தி வந்ததும் தெருவில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மருந்துக் கடைக்காரர் இப்போதே வாழ்த்துச் சொல்லிவிடுகிறேன் என்றார். அதெல்லாம் கட்சி முடிவு செய்யும் என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, நேரே போய் ஒரு புடவை எடுத்தேன். கைத்தறி, வெள்ளைக்குச் சற்று மங்கலான நிறம், மெல்லிய பச்சைக் கரை. போஸ்டரில் எப்படித் தெரியும் என்று யோசித்துத்தான் எடுத்தேன். ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாஸ்போர்ட் அளவில் இல்லாமல் கொஞ்சம் பெரிதாக ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டேன். சிரிக்கிற மாதிரி ஒன்று, சிரிக்காத மாதிரி ஒன்று.

ஒரு சாயங்காலம் வார்டு கன்வீனரும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். கன்வீனர் எனக்குப் பல தேர்தலாகப் பழக்கம். மழையில் ஒரே குடையில் வீடு ஏறி இறங்கியவர்கள் நாங்கள். நான் பருப்புவடை சுட்டு, டீ போட்டுக் கொடுத்தேன். வடை நன்றாக இருக்கிறது என்றார்கள். மழை, சபரிமலைக் கூட்டம், வெங்காய விலை என்று எல்லாம் பேசினார்கள். டீ குடித்து முடித்த டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டுக் கன்வீனர் மேலே பார்த்தார். இளையவள் இருக்கிறாளா, அவளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றார்.

நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "சேச்சி, இப்போ எல்லாம் போனில் அல்லே" என்றார். பிறகு நான் இல்லாமல் இந்த வார்டு இல்லை என்றும், முன்னால் நின்று வழி காட்ட வேண்டியது நான்தான் என்றும் நிறையச் சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை. மூன்று பேரும் மாடிப்படி ஏறிப் போனார்கள். மீதி வடையை மூடி வைத்தேன். மேலே அனுப்பவில்லை.

அவள் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வேண்டாம்னு சொன்னா நான் நிக்க மாட்டேங்க்கா" என்றாள். இதைவிடப் பெரிய தந்திரம் உண்டா? வேண்டாம் என்று சொன்னால் தெருவே என்னைத் தூற்றும். நில் என்றேன். அவள் அதை உண்மையாகவே கேட்டிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு இன்னும் அதிக எரிச்சலைத் தந்தது.

அடுத்து அவள் கேட்டதுதான் உச்சம். போஸ்டருக்குப் போட்டோ எடுக்க வேண்டுமாம், தன்னிடம் இருப்பதெல்லாம் பளபளப்புப் புடவையாம், அக்காவிடம் கைத்தறி ஏதாவது இருக்குமா என்றாள். பீரோவைத் திறந்தால் மடிப்புக் கலையாமல் மேலே இருந்தது அதுதான். எடுத்துக் கொடுத்தேன். மறுவாரம் சாலைக் கடைவீதி முழுக்க என் புடவை தொங்கியது. எங்கள் கட்சிக்காரர்கள் போன வருஷமே 'புக்டு' என்று எழுதிப் பிடித்து வைத்திருந்த மதில்களில் எல்லாம் என் பச்சைக் கரையோடு அவள் சிரித்தாள். அந்தப் புடவையை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரசாரம் தொடங்கியது. முன்பெல்லாம் ஒரு வீட்டு வாசலில் வேட்பாளர் யார், எந்த ஊர், யார் மகள் என்று சொல்வதற்கே நான் வேண்டும். இப்போது கேட்டைத் திறப்பதற்கு முன்பே, "அய்யோ, கிழங்குச் சேச்சி" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தார்கள். அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்கள். என் கையில் போனைக் கொடுத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார்கள். யாருடைய மகளுக்கு நான் ஓடியாடி மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தேனோ, அந்த அம்மாவே என்னிடம் போனை நீட்டினார். எடுத்தேன். எல்லார் கழுத்துக்குக் கீழே மட்டும் விழுகிற மாதிரி எடுத்தேன். என் புடவையாவது நன்றாக விழட்டும்.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. சாயங்காலம் அவளுடைய வீடியோவுக்குக் கீழே வந்து விழுகிற இதயங்களை என் கணவரின் போனில் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். யார் எந்த ஊர் என்று தேடுவேன். பெங்களூரு, சென்னை, துபாய், கோயம்புத்தூர். கமிட்டியில் எழுந்து இதைச் சொன்னேன். இதயம் போடுகிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள், அவர்கள் விரல் இங்கே வந்து பொத்தானை அமுக்கப் போவதில்லை, நாம் கைதட்டலை ஓட்டு என்று நினைத்து ஏமாறுகிறோம் என்றேன். கன்வீனரின் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த முகத்தைப் பார்க்க அவ்வளவு இதமாக இருந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அவள் தோற்க வேண்டும் என்று நான் நினைத்தேனா? கட்சி தோற்கக் கூடாது என்று நினைத்தேன். அவள் தோற்றால் பரவாயில்லை என்றும் நினைத்தேன். இரண்டும் ஒன்றாக நடக்காது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

கடைசி வாரத்தில் அவள் புதிதாக ஒன்று செய்தாள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற வீடுகளாகப் பார்த்து ஏறினாள். வாசலில் அம்மாவை நிற்க வைத்து, பிள்ளையிடம் சொல்ல நினைப்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னாள். கட்சிப் பெயர் இல்லை, சின்னம் இல்லை. ஓட்டு யாருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. ஒருவர் உன் கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறேன் என்றார். ஒருவர் ஒன்றும் சொல்லத் தெரியாமல் அழுதார். மற்றொருவர் ஓட்டுப் போட வருகிற சாக்கிலாவது முடியை வெட்டிக்கொண்டு வா என்று திட்டினார். நான் அவளோடு போகவில்லை. முட்டி வலி என்று சொல்லிவிட்டேன்.

எல்லா வீடும் முடித்துக் கடைசியாக எங்கள் வாசலுக்கு வந்தாள். "அக்கா, நம்ம பிள்ளைக்கு நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். அவள் போன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் நாற்காலியை எடுத்துக்கொண்டாள், என் புடவையை எடுத்துக்கொண்டாள், இப்போது என் மகனையும் எடுத்து வீடியோவில் போட வந்துவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. என் மகனிடம் நான் பேசிக்கொள்கிறேன், அதற்கு உன் போன் வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் வேகமாகவே சாத்தினேன்.

அதையும் அவள் போட்டுவிட்டாள். எல்லா அம்மாக்களும் பேசி முடித்த பிறகு, கடைசியில் சாத்திய எங்கள் கதவு. அவள் குரல் மட்டும் கேட்கிறது. "இது எங்க வீடு. எங்க அக்காவுக்குக் கோவம். மக்களே, நீ வந்தாத்தான் இந்தக் கதவு திறக்கும்." அவ்வளவுதான். என் பேச்சை அவள் சேர்க்கவில்லை. மறுநாள் மீன் விற்கிற பெண் வரை எல்லாரும் கதவு திறந்துவிட்டதா சேச்சி என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் அவளோடு பேச்சை நிறுத்தினேன். தேர்தல் வரை கட்சி வேலை செய்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓட்டுப் போடும் நாளில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, தூரத்தில், எங்கள் கட்சி மேஜையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களுக்குப் பட்டியல் எண் எழுதிய ஸ்லிப் எடுத்துக் கொடுப்பது என் வேலை. உறுதி, சந்தேகம் எல்லாருக்கும் முந்தின நாளே எழுதிக் கட்டுக் கட்டாக வைத்திருந்தோம். எதிரே எதிர்க்கட்சி மேஜை. அங்கே என்னைப் போலவே பழைய ஆள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இருவரும் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

வெயில் ஏறுவதற்குள் தோளில் பையோடு ஒரு பையன் வந்து நின்றான். தையல்காரர் வீட்டு மூத்தவன், சென்னையில் வேலை. ராத்திரி பஸ்ஸில் வந்து நேரே இங்கே வருகிறானாம். அவனுக்கு ஸ்லிப் இல்லை. பட்டியலைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அடுத்து அக்ரஹாரத்துப் பெண் ஒருத்தி, கையில் சூட்கேஸ். அவளுக்கும் இல்லை. பிறகு மூன்று பேர் சேர்ந்தாற்போல வந்தார்கள். முடி வெட்டிக்கொண்டு வரச் சொன்னாரே அந்த அம்மாவின் மகன், முடியை வெட்டாமலே வந்திருந்தான். நான் 'வெளியே' என்று எழுதிய பெயர்கள் ஒவ்வொன்றாக மேஜைக்கு முன்னால் வந்து நின்றன. இதயம் போட்ட வெளியூர்க்காரர்கள் என்று நான் கமிட்டியில் சொன்னேனே, அவர்கள் எல்லாரும் எங்கள் தெருப் பிள்ளைகள். எதிர் மேஜைக்காரி எழுந்து நின்று பார்க்க ஆரம்பித்தாள். அவளிடமும் அவர்களுக்கு ஸ்லிப் இருந்திருக்காது. அவளும் 'வெளியே' என்றுதான் எழுதியிருப்பாள். எண்ணிக்கை அன்று என் ஓரகத்தி ஜெயித்தது சொற்ப ஓட்டில். இந்தப் பிள்ளைகளைக் கழித்துவிட்டால் தோற்றிருப்பாள்.

அடுத்த ஸ்லிப்பை எழுதி முடித்து நிமிர்ந்தேன். என் மகன் நின்றான்.

கன்னம் ஒட்டியிருந்தது. தாடி வைத்திருந்தான். "என் ஸ்லிப்பு தாம்மா" என்றான்.

நான் கட்டைப் புரட்டினேன். இல்லை என்று தெரிந்தும் புரட்டினேன். என் கணவருக்கு இருந்தது, எனக்கு இருந்தது, கொழுந்தனாருக்கு இருந்தது, அவளுக்கும் இருந்தது. பெற்ற பிள்ளைக்கு இல்லை. பட்டியலைத் திறந்து அவன் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் இருந்ததை விரலால் மறைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்து எழுதினேன். அவன் பார்த்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

"ஒன்ன யாரு கூப்பிட்டா?" என்றேன். எப்போது வந்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது அதுதான்.

"நம்ம கதவப் பாத்ததும் சித்திக்குப் போன் போட்டேன். வான்னாங்க. வாரேன் சித்தின்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் வரிசை நிற்கிறது, எதிர் மேஜைக்காரி பார்க்கிறாள், எதுவும் தெரியவில்லை. "ஞாயித்துக்கெழம தவறாம நான் போன் பண்ணுறேன். எனக்காவ ஒரு ஓணத்துக்கு வந்தியா நீ?"

அவன் ஸ்லிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "சாப்பிட்டியான்னு கேப்ப. மழ உண்டான்னு கேப்ப. வான்னு ஒரு தடவ கேட்டிருக்கியாம்மா?"

வரிசையில் நின்ற ஒருவர் ஸ்லிப்புக்குக் கை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். அவன் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டான். என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. லீவு கிடைக்குமோ என்னவோ, டிக்கெட் கிடைக்குமோ என்னவோ, அவன் வாயால் இல்லை என்று சொல்ல வைப்பானேன் என்று நான் கேட்காமல் விட்டது எல்லாம் அவனுக்காகத்தான். நம் பிள்ளைதானே, முடிந்தால் வரமாட்டானா என்று இருந்தேன். மத்தியானம் வரை ஸ்லிப் கொடுத்தேன். பழவங்காடி கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்ட அந்த அம்மாவின் முகம் வந்து வந்து போனது.

மத்தியானம் அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. மேலேயிருந்து மரச்சீனியும் மீன்கறியும் ஒரு கிண்ணத்தில் வந்தது. அவன் அதை வழித்துச் சாப்பிட்டான். என் சாம்பாரில் பாதி மிச்சமிருந்தது. சித்தியின் வீடியோ ஒன்றுவிடாமல் பார்ப்பதாகவும், அவள் கிழங்கு உரிக்கும்போது பின்னால் நான் கீழே யாரையாவது சத்தம் போடுவது கேட்கும், அதைக் கேட்கத்தான் பார்ப்பதாகவும் சொன்னான். இதை என்னிடம் நேராகச் சொல்லவில்லை. அவன் அப்பாவிடம் சொன்னதை நான் அடுக்களையிலிருந்து கேட்டேன். அவள் வீடியோ வழியாகத்தான் என் குரலும் போக வேண்டியிருக்கிறது என்று அதற்கும் எரிந்தது.

அன்று சாயங்காலமே அவனுக்கு பஸ். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கறுப்பு வேட்டி கட்டிய சபரிமலைச் சாமிமார் கூட்டம் நடைபாதை முழுக்க. அவர்களுக்கு நடுவே அவன் பையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவன் விரலில் மை இன்னும் பளபளவென்று இருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ வாசலில் நின்று கேட்டிருக்கிறேன், அன்று நாக்கு எழவில்லை. பஸ்ஸின் கதவு திறந்து ஆட்கள் ஏற ஆரம்பித்த பிறகுதான் சொன்னேன். "பொங்கலுக்கு வா மக்களே."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஐந்து வருஷம் எட்டிப் பார்க்காத வேட்பாளர் வாசலில் வந்து கும்பிடும்போது வீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே, அப்படி. பிறகு சிரித்தான். "பாக்கலாம்மா" என்றான். ஏறிவிட்டான்.

சித்திக்கு மட்டும் வாரேன். எனக்குப் பாக்கலாம்.

பஸ் போய்விட்டது. அந்தப் பதில் எனக்குப் புதிதா என்ன? அது சந்தேக வீடு. நான் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. மறுநாளே போன் செய்தேன். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.